ஆர் பேக்கேஜ்களை டெபியனில் பராமரிப்பது எப்படி? கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிர்ப் பெருக்கம் படிக்கும் ஆராய்ச்சி மாணவி ஒருவருக்கு, வயல் சோதனைத் தரவைக் கலப்பு மாதிரியில் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு, புள்ளியியலுக்கான ஆர் மொழியில் எல்எம்இ4 என்ற பேக்கேஜ் இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் 'ஆப்ட் இன்ஸ்டால் ஆர்-கிரான்-எல்எம்இ4' என்று அடித்தால் டீ ஆறுவதற்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஆருக்குள்ளிருந்தே மூலநிரலாக இறக்கினால் கதை வேறு. ஆர்சிபிபி, ஆர்சிபிபி-ஐகன் என்று சி பிளஸ் பிளஸ் டெம்ப்ளேட்டுகள் நிறைந்த லைப்ரரிகளையெல்லாம் வைத்துக் கம்பைல் செய்ய வேண்டும். 4 ஜிபி நினைவகம் உள்ள லேப் கணினி மூச்சு வாங்கும்.

அந்த ஒற்றை வரிக் கட்டளை வேலை செய்வதற்காக யாரோ ஒருவர் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். அந்த ஆள் நீங்களாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே சொல்லப்போவது. கோவை, ஈரோடு, பெருந்துறை, சத்தி என்று நம் பக்கத்தில் பொறியியல் கல்லூரிக்குக் குறைவில்லை. புள்ளியியலைத் தினமும் கையாளும் ஆராய்ச்சி நிலையங்களும் இருக்கின்றன. கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912 முதல் கோவையில் இயங்குகிறது. இரண்டு பக்கமும் தெரிந்த ஆட்கள் இங்கே இருந்தும் இந்த வேலைக்குள் வருபவர்கள் குறைவு. பெரிய மர்மம் ஏதோ உள்ளே இருப்பதாக நினைத்து ஒதுங்குகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. பேக்கேஜ் கட்டுவது எளிது. அது சொல்லும் விடை சரியா என்று காவல் இருப்பதில்தான் உழைப்பு போகிறது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பின்னணி

ஆர் மொழியை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கினார்கள். 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. ஆருக்கான பேக்கேஜ்கள் சேரும் கிடங்குதான் கிரான். இன்று அதில் 20,000-க்கும் மேல் இருக்கின்றன. உயிரியல் தரவுக்கு பயோகண்டக்டர் என்று தனிக் கிடங்கு.

டெபியனை 1993-ல் இயன் முர்டாக் தொடங்கினார். டெபியனில் ஒரு பேக்கேஜைச் சரிசெய்தால் அது உபுண்டுவுக்கும் போகும், டெபியனை அடித்தளமாகக் கொண்ட மற்றவற்றுக்கும் போகும். நம் ஊரில் அரசு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சி-டாக் உருவாக்கிய அந்த பாஸும் டெபியன் வழிதான்.

கிரானில் உள்ள எல்லாம் டெபியனுக்கு வருவதில்லை, வரவும் வேண்டியதில்லை. ஆர்-பேஸ் என்ற மூலப் பேக்கேஜை நெடுங்காலமாக டர்க் எடல்பியூட்டல் பார்த்துக்கொள்கிறார். மற்றவற்றில் பெரும்பகுதியை டெபியன் ஆர் பேக்கேஜ் குழு கூட்டாகப் பராமரிக்கிறது. அந்தக் குழுவில் அதிகம் உழைத்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரியாஸ் டில்லே 2024-ல் டெபியன் திட்டத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீங்கள் சேர வேண்டிய இடம் இந்தக் குழுதான். தனியாக ஒரு பேக்கேஜைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இது நல்லது.

முதல் வேலை: கட்டுமிடத்தைத் தயார் செய்வது

தினசரி வேலைக்கான கணினியில் டெபியன் ஸ்டேபிள், அதாவது முறைப்படி வெளியிட்ட நிலையான பதிப்பு, இருக்கட்டும். பேக்கேஜ் கட்டுவது மட்டும், புதியவை முதலில் வந்து சேரும் சிட் எனப்படும் அன்ஸ்டேபிளில் நடக்க வேண்டும். இதற்காகக் கணினியையே சிட்டுக்கு மாற்ற வேண்டாம். எஸ்பில்டு என்ற கருவியை நிறுவி, அதற்குள் சிட்டின் தனிச் சூழல் ஒன்றை உண்டாக்கினால் போதும். ஒவ்வொரு முறையும் துடைத்துவைத்த சூழலில் பேக்கேஜ் கட்டப்படும். உங்கள் கணினியில் தற்செயலாக இருக்கும் ஏதோ ஒரு லைப்ரரியின் தயவில் வேலை நடந்துவிட்டு, வெளியே போனதும் உடைவது இதனால் தவிர்க்கப்படும்.

கூடவே நிறுவ வேண்டியவை: கிட்-பில்டுபேக்கேஜ், டெவ்ஸ்கிரிப்ட்ஸ், லின்டியன், ஆட்டோபிகேஜிடெஸ்ட், டிஎச்-ஆர், ரொட்டீன்-அப்டேட். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஆப்ட்-கேச்சர்-என்ஜியையும் போட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான சூழல் என்றால் ஒவ்வொரு முறையும் அதே ஜிபிகளைத் திரும்ப இறக்குவது என்று அர்த்தம். இந்தக் கருவி ஒருமுறை இறக்கியதை வைத்திருந்து கொடுக்கும்.

சல்சா என்பது டெபியனின் கிட்லேப் தளம், மூலநிரல்களை வைத்துக் கூட்டாக வேலை பார்க்கும் இடம். அதில் ஒரு கணக்கு தொடங்கி, ஆர் பேக்கேஜ் குழுவில் சேர்க்கும்படி விண்ணப்பியுங்கள். மின் கையெழுத்துப் போட உங்களுக்கென ஒரு ஜிபிஜி சாவியும் உண்டாக்கிக்கொள்ளுங்கள். சாவியில் கையெழுத்து வாங்குவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எந்தப் பேக்கேஜில் தொடங்குவது?

புதிதாக ஒன்றை டெபியனுக்குள் கொண்டுவந்தே தீருவேன் என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். என் கருத்து: அதைத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே குழுவில் இருக்கும், பதிப்பு பின்தங்கிப்போன ஒரு பேக்கேஜை எடுங்கள். அதில் எல்லாக் கோப்புகளும் எழுதி முடித்த நிலையில் இருக்கும்; படித்தே பாதி பாடம் கற்றுக்கொள்ளலாம். நீங்களே பயன்படுத்தும் பேக்கேஜாக இருந்தால் இன்னும் நல்லது. பிளவு மனை வடிவமைப்பில் வேலை பார்ப்பவர் காலவரிசைப் பேக்கேஜை எடுத்தால், சோதனை உடையும்போது அது சொல்லும் எண் நியாயமா இல்லையா என்று அவருக்குத் தெரியாது.

பராமரிக்க ஆள் இல்லாதவை, உதவி கேட்பவை, புதிதாக வேண்டும் என்று கேட்கப்பட்டவை எல்லாம் டெபியனின் பிழைப் பதிவேட்டில் டபிள்யூஎன்பிபி என்ற தலைப்பின் கீழ் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு நோட்டம் விடுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

பேச்சுக்கு, 'மஞ்சள்' என்ற பெயரில் கிரானில் ஒரு பேக்கேஜ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டெபியனில் அதன் பெயர் ஆர்-கிரான்-மஞ்சள். பயோகண்டக்டரிலிருந்து வந்திருந்தால் ஆர்-பயோக்-மஞ்சள். எல்லாம் சிறிய எழுத்தில்.

மூலநிரலுக்குள் 'டெபியன்' என்று ஓர் அடைவு இருக்கும். நம் வேலை முழுக்க அதற்குள்தான். அதிலுள்ள ரூல்ஸ் கோப்பைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். 'டிஎச்' கட்டளையைக் கூப்பிட்டு, கட்டுமான முறை ஆர் என்று சொல்லும் ஒரே ஒரு விதி. மற்றதை டிஎச்-ஆர் கவனித்துக்கொள்கிறது.

கண்ட்ரோல் கோப்பை நிதானமாகப் படியுங்கள். ஆர் பேக்கேஜின் டிஸ்கிரிப்ஷன் கோப்பில் டிபெண்ட்ஸ், இம்போர்ட்ஸ், லிங்கிங்-டு, சஜஸ்ட்ஸ் என்று நான்கு வகைச் சார்புகள் இருக்கும். முதல் மூன்றும் கட்டும்போதே தேவை, எனவே பில்டு-டிபெண்ட்ஸ் பட்டியலில் வர வேண்டும். நிறுவும்போது தேவையானவற்றை நாம் கையால் எழுதுவதில்லை. 'ஆர்:டிபெண்ட்ஸ்' என்ற மாறியைப் போட்டுவைத்தால் டிஎச்-ஆர் டிஸ்கிரிப்ஷனைப் படித்து நிரப்பிவிடும். சஜஸ்ட்ஸில் உள்ளவற்றை மட்டும் யோசித்துச் சேருங்கள். சோதனைகளை ஓட்ட அவற்றில் சில தேவைப்படும். ஆனால் அவற்றில் ஒன்று டெபியனிலேயே இல்லாமல் இருக்கலாம். அதற்காக அதையும் பேக்கேஜ் செய்யப் போனால் அது இன்னும் நான்கைக் கேட்கும். அந்த இட்டேரிக்குள் நுழையாதீர்கள்.

ஆர்க்கிடெக்சர் என்ற வரி ஒன்று. பேக்கேஜில் ஆர் நிரல் மட்டும் இருந்தால் 'ஆல்'. சி, சி பிளஸ் பிளஸ், ஃபோர்ட்ரான் ஏதாவது கலந்திருந்தால் 'எனி'. 'எனி' என்று எழுதிய நொடியில் உங்கள் பேக்கேஜ் டெபியன் ஆதரிக்கும் எல்லாச் செயலி வகைகளிலும் தனித்தனியாகக் கட்டப்படும். தலைவலியும் அங்கிருந்துதான் தொடங்கும்.

டெஸ்ட்சூட் என்ற வரியில் 'ஆட்டோபிகேஜிடெஸ்ட்-பிகேஜி-ஆர்' என்று எழுதிவைத்தால், நிறுவிய பேக்கேஜைத் திறந்து பார்க்கும் சோதனைகள் தானாக ஓடும். வாட்ச் கோப்பு கிரானில் புதிய பதிப்பு வந்ததா என்று பார்ப்பதற்கு. சேஞ்ச்லாகில் நீங்கள் எழுதுவதை மனிதர்கள் படிப்பார்கள். 'புதிய பதிப்பு' என்று மட்டும் எழுதிவிட்டு, உள்ளே 3 ஒட்டுகளை (மூலநிரலில் நாம் செய்யும் திருத்தங்களை) மாற்றியதைச் சொல்லாமல் விடுவது நல்ல பழக்கம் இல்லை.

கிரான் பதிப்பு எண்களில் நடுவே கோடு வரும், 7.3-60 என்பதைப் போல. டெபியன் தன் பங்குக்கு இன்னொரு கோடும் எண்ணும் சேர்க்கும். 7.3-60-1 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் வருவது மட்டும் டெபியனுடையது.

புதிய பதிப்புக்கு மாற்றுவது

வழக்கமான வேலை இதுதான். கிட்-பில்டுபேக்கேஜோடு வரும் ஜிபிபி கருவியால் சல்சாவிலிருந்து களஞ்சியத்தை இறக்குங்கள். யூஸ்கேன் ஓட்டினால் புதிய மூலநிரலைக் கண்டுபிடிக்கும். ஜிபிபியின் இம்போர்ட்-ஆரிஜ் அதை உள்ளே சேர்க்கும். டிஎச்-அப்டேட்-ஆர், டிஸ்கிரிப்ஷனில் மாறிய சார்புகளைக் கண்ட்ரோல் கோப்பில் கொண்டுவரும். இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் செய்ய ரொட்டீன்-அப்டேட் என்ற கருவியும் இருக்கிறது.

முதல் சில பேக்கேஜ்களுக்கு ரொட்டீன்-அப்டேட்டைத் தொடாதீர்கள். ஒவ்வொரு படியையும் கையால் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு 'கிட் டிஃப்' போட்டு என்ன மாறியது என்று பாருங்கள். பழைய பதிப்புக்கும் புதியதற்கும் நடுவில் மூல ஆசிரியர் எழுதிய நியூஸ் கோப்பைக் கட்டாயம் படியுங்கள். 'ஒரு ஃபங்ஷனின் இயல்பு அளவுரு மாறியது' என்ற வரி அதில்தான் இருக்கும். கருவி எதுவும் அதை உங்களிடம் சொல்லாது.

பிறகு எஸ்பில்டில் கட்டுங்கள், லின்டியன் சொல்லும் குறைகளைப் பாருங்கள், ஆட்டோபிகேஜிடெஸ்ட் ஓட்டுங்கள். இதோடு முடிந்தது என்று பலர் நிறுத்துகிறார்கள். இன்னொரு படி இருக்கிறது: உங்கள் பேக்கேஜை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களை எடுத்து, புதிய பதிப்பை வைத்து அவற்றின் சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது. ராட் என்ற கருவி அவற்றையெல்லாம் மறுபடி கட்டிக் காட்டும். ஆர்சிபிபி போன்ற ஒன்றைத் தொட்டால் நூற்றுக்கணக்கானவை பின்னால் நிற்கும். அதையெல்லாம் உங்கள் மடிக்கணினியில் செய்ய முடியாது. குழுவில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மஞ்சளைப் போன்ற சின்னப் பேக்கேஜுக்குப் பின்னால் 2, 3 இருக்கும், ராத்திரி ஓட விட்டுத் தூங்கப் போகலாம்.

சோதனை உடைந்தால்

புள்ளியியல் மென்பொருளைப் பராமரிப்பது, உரைத் திருத்தியையோ விளையாட்டையோ பராமரிப்பதிலிருந்து வேறுபடும் இடம் இதுதான். திருத்தி உடைந்தால் திறக்காது, ஆளுக்குத் தெரிந்துவிடும். புள்ளியியல் பேக்கேஜ் உடைந்தால் பெரும்பாலும் அழகாகத் திறக்கும், அட்டவணை போடும், நட்சத்திரக் குறியோடு முக்கியத்துவமும் காட்டும். எண் மட்டும் தப்பாக இருக்கும். அந்த எண்ணை வைத்து ஒருவர் ஆய்வேட்டை முடித்திருப்பார்.

அதனால், சிவப்பில் வரும் சோதனையை உடனே முடக்கிவிட்டுப் பேக்கேஜை மேலே தள்ளும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். முதலில் அது எந்த வகை உடைப்பு என்று பிரித்துப் பாருங்கள்.

சில, கணக்குக்குச் சம்பந்தமே இல்லாதவை. கட்டும் நேரத்தில் இணையத்தைத் தொடக் கூடாது என்பது டெபியன் விதி. சோதனை எங்கிருந்தோ தரவை இறக்கப் பார்த்தால் விழும். அந்தச் சோதனையை மட்டும் தவிர்ப்பதில் தப்பில்லை. 'யுஎஸ்/ஈஸ்டர்ன்' போன்ற பழைய நேர மண்டலப் பெயர்கள் டெபியன் 13-க்கான வேலைகளின்போது டிஇசட்டேட்டா-லெகசி என்ற தனிப் பேக்கேஜுக்குப் போய்விட்டன; சோதனையில் அந்தப் பெயர் இருந்தால் 'அமெரிக்கா/நியூயார்க்' என்று மாற்றி மூல ஆசிரியருக்கும் அனுப்புங்கள். இன்னொன்று நமக்கே உரியது. கட்டும் இயந்திரங்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கிறது. மண்டல வித்தியாசம் எப்போதும் முழு மணியாகத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதிய நிரல் அங்கே தேறிவிட்டு நம் வீட்டில் விழும். இப்படி ஒன்று சிக்கினால் விடாதீர்கள், அது நிஜமான பிழை.

வரிசைப்படுத்தலும் அடிக்கடி மாட்டும். சி லொக்கேலில் (லொக்கேல் என்பது கணினியின் மொழி அமைப்பு) பெரிய எழுத்துகள் எல்லாம் முன்னால் வரும், ஆங்கில லொக்கேலில் கலந்து வரும். வகைகளின் வரிசை மாறினால், மாதிரியில் எந்த வகை அடிப்படையாக எடுக்கப்படுகிறது என்பதும் மாறும். கெழுக்கள் எல்லாமே வேறாகத் தெரியும்.

அடுத்து, ஆரே மாறியதால் வருபவை. 2019-ல் வந்த 3.6.0 பதிப்பில் 'சாம்பிள்' ஃபங்ஷன் சமவாய்ப்பாக எடுக்கும் முறையை மாற்றினார்கள்; பழைய முறையில் மிகப் பெரிய தொகுதிகளில் சின்னச் சாய்வு இருந்தது. சமவாய்ப்பு எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை அதே போலக் கொடுத்தாலும் வேறு மாதிரி வரும். சோதனைக் கோப்பில் பழைய எண்களை எழுதிவைத்திருந்த பேக்கேஜ்கள் எல்லாம் உடைந்தன. 2020 ஏப்ரலில் வந்த 4.0.0, எழுத்துச் சரங்களைத் தானாக வகைகளாக மாற்றும் பழைய இயல்பை நிறுத்தியது. இங்கே எதிர்பார்த்த விடையைப் புதிதாக எழுதுவது நியாயமே. ஆனால் காரணம் இதுதான் என்று உறுதிசெய்த பிறகு.

இனி வருவதுதான் கடினமான வகை. சென்ற வருசம் ஒரு ஆராய்ச்சி மாணவி, பிசிஏ என்ற முதன்மைக் கூறு பகுப்பாய்வில் சந்தேகம் வந்து கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, என்ற லேப்டாப்புல பிசிஏ போட்டா மொத அச்சுல மகசூலு பிளஸ்ல வருதுங்க. லேபு மெசின்ல மைனஸ்ல வருது. ரண்டும் டெபியன்தானுங்க. எது செரி?"

"ரண்டும் செரிதான் கண்ணு. ரண்டு மெசின்லயும் பிளாஸ் எதுன்னு பாத்தியா?"

அவர் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தந்ததும் இல்லை. ஆருக்குள் 'செஷன்இன்ஃபோ' என்று அடித்தால் எந்த பிளாஸ், எந்த லாபேக் லைப்ரரி பயன்படுகிறது என்று காட்டும். அணிக் கணக்குகளை ஆர் தானே செய்வதில்லை, இந்த லைப்ரரிகளிடம் கொடுத்துவிடுகிறது. டெபியனில் மூல பிளாஸ், ஓபன்பிளாஸ், பிளிஸ் என்று பல இருக்கின்றன, அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையால் மாற்றிக்கொள்ளலாம். பிசிஏவின் அச்சு என்பது ஓர் ஐகன் திசையன்; அதைக் குறி மாற்றினாலும் அது ஐகன் திசையன்தான். எந்தக் குறியோடு வரும் என்பதைக் கணித விதி எதுவும் நிர்ணயிப்பதில்லை, லைப்ரரி எந்த வழியில் போகிறதோ அதைப் பொறுத்தது. எனவே பிசிஏ சோதனை குறி மாறியதால் உடைந்தால், தவறு சோதனையில் இருக்கிறது. குறியை விட்டுவிட்டுத் தனி மதிப்பை ஒப்பிடும்படி ஒட்டு எழுதி மூல ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும்.

கடைசி இலக்கங்கள் மாறுவது இன்னொன்று. மிதவைப் புள்ளி எண்களை எந்த வரிசையில் கூட்டுகிறோமோ அதைப் பொறுத்து மொத்தம் மாறும். ஈரோட்டு மண்டியில் நூறு மூட்டை மஞ்சளை எடை போடும்போது, ஒவ்வொரு மூட்டைக்கும் பிறகு அதுவரையிலான மொத்தத்தில் முதல் மூன்று இலக்கங்களை மட்டும் வைத்து மீதியை முழுமையாக்கி எழுதினால், மூட்டைகளை வைத்த வரிசை மாறினால் கடைசி மொத்தமும் கொஞ்சம் மாறும். அதே கதைதான். ஓபன்பிளாஸ் பல இழைகளாகப் பிரித்துக் கூட்டும். சந்தேகம் வந்தால் 'ஓபன்பிளாஸ் நம் த்ரெட்ஸ்' என்ற சூழல் மாறியை 1 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள்.

செயலி வகையும் விளையாடும். ஐ386-ல் பழைய எக்ஸ்87 அலகு 80 பிட் துல்லியத்தில் நடுக் கணக்குகளை வைத்திருக்கும்; ஏஎம்டி64-ல் 64 பிட். எஸ்390எக்ஸ் என்ற மெயின்ஃபிரேம் வகையில் பைட்டுகளின் வரிசையே தலைகீழ். ஆர்ம், பவர்பிசி, எஸ்390எக்ஸ், ரிஸ்க்-வி ஆகியவற்றில் சி மொழியின் 'சார்' வகைக்கு எதிர்மறை மதிப்பு கிடையாது. அதில் மைனஸ் ஒன்றைப் போட்டுவைத்து ஒப்பிடும் நிரல் அங்கெல்லாம் தவறான வழியில் போகும். முதலில் சொன்ன ஐ386 பெரும்பாலும் தீங்கற்ற இலக்க வித்தியாசம். மற்ற இரண்டும் உண்மையான பிழைகளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 'எங்க ஊருல எஸ்390எக்ஸ் மெயின்ஃபிரேம்ல யாரு ஆர் ஓட்டறாங்க' என்று கேட்கத் தோன்றும். யாரும் ஓட்டாமல் இருக்கலாம். ஆனால் அங்கே வெளிப்படும் நினைவகப் பிழை உங்கள் கணினியிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆரின் 'ஆல்.ஈக்வல்' இயல்பாக 1.5 × 10⁻⁸ வரை விலகலைப் பொறுக்கும். வித்தியாசம் 10⁻⁷ அளவில் இருந்து, திரும்பத் திரும்பச் செய்து நெருங்கும் வகை அல்காரிதமாகவும் இருந்தால், அந்தச் சோதனையின் பொறுப்பு அளவை மட்டும் கொஞ்சம் தளர்த்தலாம். மூன்றாவது இலக்கத்திலேயே மாறினால் தளர்த்தாதீர்கள். எது சரியான விடை என்று கண்டுபிடியுங்கள். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் இதற்கென்றே சான்றளித்த விடைகளோடு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறது. 1967-ல் வெளிவந்த லாங்லி தரவு அதில் ஒன்று. வெறும் 16 வரிசைதான், ஆனால் மாறிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கவனமில்லாத பின்னடைவு நிரல்களை அது காட்டிக்கொடுத்துவிடும். ஆரிலும் அது 'லாங்லி' என்ற பெயரில் கூடவே வருகிறது.

எதையாவது மாற்றினால் ஒட்டாக எழுதுங்கள். தலைப்பில் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், மூல ஆசிரியருக்கு அனுப்பினீர்களா என்ற மூன்றும் இருக்கட்டும். அனுப்பாத ஒட்டு ஒவ்வொரு பதிப்புக்கும் உங்களையே வந்து சேரும்.

உரிமமும் தரவும்

கிரான் ஏற்றுக்கொண்டது என்பதால் டெபியன் ஏற்றுக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. அகிமா என்ற பேக்கேஜ் ஏசிஎம் உரிமத்தில் இருந்தது. வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உள்ளதால் டெபியனின் முதன்மைப் பகுதிக்குள் அது வர முடியாது. அதற்கு மாற்றாக ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இன்டர்ப் என்ற பேக்கேஜ் எழுதப்பட்டது.

ஆர்டிஏ போன்ற இருமத் தரவுக் கோப்புகள் இருந்தால், அவை எங்கிருந்து வந்தன, எப்படி உண்டாக்கப்பட்டன என்று ரீட்மீ.சோர்ஸ் கோப்பில் எழுத வேண்டும். பெரும்பாலும் பேக்கேஜின் உதவிப் பக்கங்களிலேயே விவரம் இருக்கும், எடுத்து எழுதினால் போதும். சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் கிடந்தால் அவற்றின் மூல வடிவம் வேண்டும், அல்லது டெபியனில் ஏற்கெனவே உள்ள அதே லைப்ரரிக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். ஷைனி போன்ற வலைப் பேக்கேஜ்களில் இதுதான் பெரிய வேலை. பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நம் ஆட்கள் எழுதும் பேக்கேஜ்களுக்கும் ஒரு வார்த்தை. வயல் தரவைச் சேர்க்கும்போது 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியால் பேக்கேஜ் முழுவதும் வெளியே நிற்கும்.

மேலே அனுப்புவது

ஆரம்பத்தில் உங்களுக்குப் பதிவேற்ற உரிமை இருக்காது. சல்சாவில் வேலையை வைத்துவிட்டு, குழுவில் ஒரு டெபியன் டெவலப்பரிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் சரிபார்த்துப் பதிவேற்றுவார். சல்சாவின் தானியங்கிச் சோதனைகளை முன்பே இயக்கிப் பச்சையாக வைத்திருந்தால் அவருடைய நேரம் மிச்சமாகும், உங்கள் மேல் நம்பிக்கையும் சீக்கிரம் வரும்.

புதிய பேக்கேஜ் என்றால் முதலில் 'இதைச் செய்யப்போகிறேன்' என்று ஐடிபி பிழை அறிக்கை திறக்க வேண்டும். பிறகு 'நியூ' வரிசை. அங்கே அதற்கென உள்ள டெபியன் குழுவினர் உரிமங்களைக் கண்ணால் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். சில நாளில் முடியலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். நச்சரிக்க வேண்டாம். இதில் ஒரு நுணுக்கம்: நியூ வரிசைக்கு இரும வடிவத்தோடு அனுப்ப வேண்டும், ஆனால் பராமரிப்பாளர் தன் கணினியில் கட்டிய இருமம், அடுத்த ஸ்டேபிளாகத் தயாராகும் டெஸ்டிங் பகுதிக்குப் போகாது. எனவே உள்ளே சேர்ந்ததும் மூலநிரல் மட்டும் உள்ள இன்னொரு பதிவேற்றம் வேண்டும். இதை மறந்துவிட்டு 'ஏன் நகரவே மாட்டேங்குது' என்று கேட்பவர்கள் நிறைய.

நாளடைவில் டெபியன் மெயின்டெய்னராக விண்ணப்பித்துக் குறிப்பிட்ட பேக்கேஜ்களை நீங்களே பதிவேற்றலாம். அதற்கு உங்கள் ஜிபிஜி சாவியில் குறைந்தது ஒரு டெபியன் டெவலப்பரின் கையெழுத்து வேண்டும், வழக்கமாக நேரில் பார்த்துத்தான் போடுவார்கள். 2023 செப்டம்பரில் டெபியன்காரர்கள் கூடும் டெப்கான்ஃப் மாநாடு கொச்சியிலேயே நடந்தது, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். அப்படி ஒன்று மறுபடி பக்கத்தில் வந்தால், சாவியின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் எழுத்தெண் வரிசையை) அச்சடித்த காகிதத்தோடு கிளம்பிவிடுங்கள்.

டெஸ்டிங்கும் பெரிய மாற்றங்களும்

சிட்டில் சேர்ந்த பேக்கேஜ் சாதாரணமாக 5 நாள் காத்திருந்து டெஸ்டிங்குக்கு நகரும். ஆட்டோபிகேஜிடெஸ்ட் நன்றாகத் தேறினால் 2 நாள். உங்கள் புதிய பதிப்பால் வேறு யாருடைய சோதனையாவது உடைந்தால் நகராது. எக்ஸ்கியூசஸ் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கும்.

ஆர் 4.0.0 வந்தபோது பழைய ஆரில் கட்டிய எல்லாப் பேக்கேஜ்களையும் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. டெபியனில் இதை ஆர்-ஏபிஐ என்ற மெய்நிகர் பேக்கேஜ் கண்காணிக்கிறது, ஆர்-ஏபிஐ-4.0-ஐ நம்பியவை 3.5-ஐ நம்பியவற்றோடு கலக்காது. பயோகண்டக்டர் வருசத்துக்கு இரண்டு முறை மொத்தமாகப் புதுப்பிக்கும், அதற்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. இந்த மாற்றங்கள் நடக்கும் வாரங்களில் சார்பு வரிசைப்படிதான் பதிவேற்ற வேண்டும். குறுக்கே தனியாக எதையும் அனுப்பாதீர்கள்.

ஸ்டேபிள் வெளியீட்டுக்கு முன்னால் உறைநிலைக் காலம் வரும். அப்போது புதிய பதிப்புகளை நிறுத்திவிட்டுப் பிழை திருத்தம் மட்டும். வெளியான பிறகு அந்தப் பதிப்பு அப்படியே நிற்கும்: டெபியன் 12-ல் ஆர் 4.2.2, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 4.5.0. 'பழசா இருக்குதே' என்று சலித்துக்கொள்வார்கள். மூன்று வருட வயல் சோதனையின் நடுவில் இருப்பவருக்கு எண்கள் மாறாமல் நிற்பதே பெரிய உதவி. புதியது வேண்டுவோருக்கு கிரான் தளத்திலேயே டெபியன் ஸ்டேபிளுக்கான புதிய ஆர் கட்டுமானங்கள் கிடைக்கின்றன.

பிழை அறிக்கைகள்

டெபியனில் பிழை அறிக்கைகள் மின்னஞ்சலில் வரும். கட்டவே முடியாத பேக்கேஜுக்கு 'சீரியஸ்' என்ற நிலை; கவனிக்காமல் விட்டால் பேக்கேஜ் டெஸ்டிங்கிலிருந்து தானாக நீக்கப்படும், அதை நம்பியிருப்பவையும் கூடவே போகும். 'தப்பான விடை வருகிறது' என்ற அறிக்கை 'நார்மல்' என்ற நிலையில் அமைதியாக வரும். நான் அதைத்தான் முதலில் திறப்பேன். கட்டமுடியாததைப் பற்றிப் பத்துப் பேர் சொல்லிவிடுவார்கள். தப்பான விடையைக் கண்டுபிடித்து எழுதும் ஆள் எப்போதாவது ஒருவர்தான் வருவார்.

பதில் எழுதும்போது செஷன்இன்ஃபோவும், பிழையைக் காட்டும் மிகச் சின்ன உதாரணமும் கேளுங்கள். மூல நிரலின் பிழை என்றால் அங்கே அறிக்கை திறந்து, அந்த முகவரியை டெபியன் அறிக்கையில் 'ஃபார்வேர்டட்' என்று குறித்துவிடுங்கள்.

ஜிரெட்டல், பிஎஸ்பிபி, ஜாக்ஸ் போன்ற தனிப் புள்ளியியல் மென்பொருள்களுக்கும் மேலே சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். டிஎச்-ஆர் மட்டும் அங்கே உதவாது, ரூல்ஸ் கோப்பில் கொஞ்சம் கையால் எழுத வேண்டியிருக்கும்.

வேலை மாறி, ஊர் மாறி, இதற்கு நேரமில்லாமல் போனால் பெயரை வைத்துக்கொண்டே சும்மா இருக்காதீர்கள். குழுப் பேக்கேஜ் என்றால் கண்ட்ரோல் கோப்பின் அப்லோடர்ஸ் வரியிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டு, பாதியில் நிற்கும் ஒட்டுகளைச் சல்சாவில் ஏற்றிவிட்டு, குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தனிப் பேக்கேஜ் என்றால் டபிள்யூஎன்பிபியில் வேறு பராமரிப்பாளரைத் தேடும் ஆர்எஃப்ஏ அறிக்கை திறந்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.